கொட்டாங்குச்சிக்கு எந்த அலமாரி?

ராகிக்கு மரியாதை வந்துவிட்டது. 2023ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்தாலும் அறிவித்தது, தருமபுரிப் பக்கம் நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் ராகிப் பேச்சுதான். கல்யாண மண்டபத்தில் களி உருண்டைக்குத் தனி மேசை. மண்சட்டியில் கூழ், பக்கத்தில் மோர்மிளகாய், அதை போட்டோ பிடிக்க ஒரு கூட்டம். அதே ஆண்டு மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அட்டைக்கு 2 கிலோ ராகி தரும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு தொடங்கியது. 2023-24க்கு மத்திய அரசு ராகிக்கு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். நல்லது. சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். களிக்கு வந்த மரியாதை, களியைக் கையேந்தி வாங்கித் தின்றவளுக்கு வந்ததா?

சிறுதானிய ஆண்டு முடிந்து இரண்டாவது மாதம், 2024 பிப்ரவரியில், மொரப்பூர் பக்கம் போளையம்பள்ளியில் காட்டு வேலைக்குப் போன தலித் பெண்களுக்குத் தேங்காய்க் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். விஷயம் வெளியே வந்து, புகாராகி, நிலத்துக்காரக் குடும்பத்தின் இரண்டு பெண்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார்கள். செய்தித்தாளில் அதிர்ச்சி என்று போட்டார்கள். யாருக்கு அதிர்ச்சி? கொட்டாங்குச்சியை ஏந்தியவர்களுக்கு அதிர்ச்சி இல்லை. இதற்கெல்லாம் கைது செய்வார்களா என்பதுதான் எங்கள் தெருவில் பலருக்கு அதிர்ச்சி.

"நாங்களும்தான் களி தின்றோம், எல்லாரும்தான் அன்றைக்கு ஏழை" என்று ஊர்க்காரர்கள் சொல்வது உண்டு. இலக்கியக் கூட்டத்திலும் ஒருவர் மேடையேறிச் சொன்னார். தின்றார்கள், இல்லை என்று யார் சொன்னது? தருமபுரியில் மழையை நம்பிய காட்டில் ராகியும் சாமையும் கொள்ளும் தவிர வேறென்ன விளைந்தது? ஆனால் அவர்கள் குதிரிலிருந்து எடுத்துக் கிண்டித் தின்றார்கள். நாங்கள் வாசலுக்கு வெளியே நின்று வாங்கித் தின்றோம். உருண்டை ஒன்றுதான். அது வந்து விழுந்த உயரம் வேறு.

இதையெல்லாம் ஏன் இப்போது பேசுகிறேன் என்றால், போன கோடை விடுமுறையில் எங்கள் காலனிப் பிள்ளைகளை தஞ்சாவூர் உணவு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அரூர் பக்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து மாலைநேரப் பாடம் நடத்துகிறோம். இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரை படிக்கிற பதினேழு உருப்படிகள். பெரிய கோயில் பார்க்கிற சாக்கில் வேன் பிடித்தோம். விடியக்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, சேலம், நாமக்கல், திருச்சி தாண்டுவதற்குள் ஆறு பேர் வாந்தி.

அந்த அருங்காட்சியகம் இந்திய உணவுக் கழகத்தினுடையது. 2021 நவம்பர் 15இல் திறந்தது. பெங்களூரில் இருக்கிற விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, சுமார் 1 கோடியே 10 லட்சம் செலவில் செய்தது. நாட்டிலேயே முதல் உணவு அருங்காட்சியகம் என்கிறார்கள். தஞ்சாவூரில் வைத்ததற்குக் காரணம் உண்டு. உணவுக் கழகத்தின் முதல் அலுவலகம் 1965 ஜனவரி 14இல், பொங்கலன்று, அங்கேதான் திறக்கப்பட்டது. அதே 1965 அக்டோபரில்தான் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. எங்கள் மாவட்டமும் சர்க்காரின் நெல் கிடங்கும் ஒரே வயசு. வேனில் இதைச் சொன்னபோது, "அப்ப ரெண்டுக்கும் ரிட்டயர்டு ஆயிருச்சா அக்கா?" என்று கேட்டது ஒன்று.

நாடோடியாக அலைந்த மனிதன் விதை போடக் கற்றதிலிருந்து, தானியத்தைப் பழைய காலத்தில் எப்படிச் சேமித்தார்கள், இப்போது எப்படிக் கொள்முதல் செய்து, கிடங்கில் அடுக்கி, ரயிலேற்றி, ரேஷன் கடைக்குக் கொண்டுவருகிறார்கள் என்பது வரை மாதிரிகளும் படங்களும் தொடுதிரைகளுமாக வைத்திருக்கிறார்கள். தொட்டால் பேசும், கேள்வி கேட்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இதுவரைக்கும் அவர்கள் பார்த்த ஒரே மியூசியம் தருமபுரி அரசு மியூசியம். அங்கே எல்லாம் நடுகல். தொடவும் முடியாது, தொட்டாலும் கல். (அந்தக் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டு, பேர் வெட்டி, சாமியாக்கிய தேசம் இது. செத்த மாட்டைத் தூக்கிப் போட்டவனுக்கு நட்ட கல் ஒன்று காட்டுங்கள் பார்ப்போம்.)

பழைய சேமிப்பு முறைகள் பகுதியில் நின்றபோது நான் எங்கள் பக்கத்து ராகிக் குழியைப் பற்றிச் சொன்னேன். பெரிய பண்ணைக் களங்களில் ஆளுயரத்துக்கு மேல் குழி வெட்டி, ராகியைக் கொட்டி, வைக்கோல் பரப்பி, மேலே மண் போட்டு மூடிவிடுவார்கள். வருஷக்கணக்கில் கெடாது. கேட்டுக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டான்: "குழிக்குள்ள எறங்கி அள்ளுறது யாரு அக்கா?"

யாரு? எங்க தாத்தாதான். எல்லா ஊரிலும் யாரோ ஒருவரின் தாத்தா.

தானியமும் மூச்சு விடுகிற சரக்கு. மூடிய குழிக்குள் இருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிட்டுக் கரியமில வாயுவை விடும். அந்தக் காற்றில் புழு பூச்சி பிழைக்காது, அதனால்தான் ராகி கெடுவதில்லை. பாரம்பரிய அறிவு என்று புகழ்கிறார்களே, அந்த அறிவின் பாதி இது. மறுபாதி, குழியைத் திறந்ததும் அதே காற்றுக்குள் ஒரு மனுசனை இறக்க வேண்டும் என்பது. அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்குவார்கள். அணைந்தால் காற்று கெட்டிருக்கிறது. ஒரு பகல் முழுக்கத் திறந்து போட்டால் சரியாகிவிடும். ஆனால் சந்தைக்கு வண்டி பூட்டியாகிவிட்டதே, வியாபாரி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டானே! "எறங்குடா, ஒண்ணும் ஆவாது." தாத்தா இரண்டு தடவை மயங்கி விழுந்து, தூக்கிப் போட்டு, முகத்தில் தண்ணி அடித்து எழுப்பியிருக்கிறார்கள். கூலி, அடிக்குழியில் ஈரம் கோத்துக் கறுத்துப்போன ராகி. அதை ஆயா கழுவிக் காயவைத்து அரைப்பாள். அந்தக் களிக்கு ஒரு கசப்பு உண்டு என்று அம்மா சொல்லும். ராகி குக்கீஸ் விற்கிறவர்கள் அந்தக் கசப்பை எந்தப் பாக்கெட்டில் அடைப்பார்கள்?

சேமிப்புக்கு எதிரிகள் யார் என்று எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் எலி, பூச்சி, ஈரம், பூஞ்சை என்று இருக்கும். எங்கள் மாவட்டத்துப் பாடத்தில் இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும். 1992 ஜூன் 20. வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தன. 18 பெண்களுக்கு நடந்த கொடுமையை நாடு அறியும். கூடவே வீட்டிலிருந்த தானியத்தை நாசம் செய்ததும், ஆடு கோழிகளை அடித்துத் தின்றதும், குடிக்கிற கிணற்றைக் கெடுத்ததும் நடந்தது. திரும்பி வந்தாலும் தின்ன எதுவும் இருக்கக்கூடாது என்று யோசித்துச் செய்த வேலை அது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 செப்டம்பர் 29 ஆனது.

இன்னொரு வரி, 2012 நவம்பர் 7. நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு பெண்ணும் பையனும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதற்கு மூன்று சேரிகளைக் கொளுத்தினார்கள். 250க்கும் மேற்பட்ட வீடுகள். வீடு எரிந்தால் வீட்டுக்குள் இருக்கிற மூட்டையும் எரியும். பெங்களூரில் கட்டட வேலை செய்து, மூட்டை தூக்கிச் சம்பாதித்து, முதல் முறையாக வருஷத்துக்கு வேண்டிய தானியத்தை வீட்டுக்குள் அடுக்கி வைக்கிற நிலைக்கு வந்த ஜனம். அந்த அடுக்குதான் கண்ணை உறுத்தியது. இளவரசன் 2013 ஜூலை 4இல் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தான். இதே நாய்க்கன்கொட்டாய்ப் பக்கத்தில்தான் 1970களின் கடைசியில் நக்சல்பாரி இளைஞர்கள் டீக்கடை இரட்டைக் குவளைக்கு எதிராக நின்றார்கள். பாலன் 1980இல் கொல்லப்பட்டார். ஒரு டம்ளருக்காக எத்தனை உயிர் போன மண் என்று கணக்குப் பார்க்க வேண்டும். பிறகு 2024இல் கொட்டாங்குச்சி.

தஞ்சாவூருக்கு வருகிறேன். நெல்லைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லைதான். சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்துப் பண்ணையாட்கள் செங்கொடி ஏந்திய மாவட்டம். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. இன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டம், அன்றைக்குத் தஞ்சாவூர் மாவட்டம். உணவுக் கழகம் அங்கே கதவு திறந்து நான்கு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டார்கள். குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் கருகினார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் மிகுதி. மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது.

அரைப்படி எவ்வளவு என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தொடுதிரையில் விரலால் தள்ளிப் பார்க்கிற அரைப்படி இல்லை. கையில் அள்ளி, கொட்டி, "இவ்வளவுதானா?" என்று அவர்களே கேட்கிற அரைப்படி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தோழர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். என் சண்டை அந்த அருங்காட்சியகத்தோடு இல்லை. உணவுக் கழகம் தன் கதையைச் சொல்கிறது. கொள்முதல், கிடங்கு, விநியோகம். அது அவர்கள் வேலை. பார்க்கப்போனால் அந்தக் கதைக்குள் எங்கள் கதை ஒளிந்திருக்கிறது. அதை அவர்களைவிட உரக்கச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

ரேஷன் கடைக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஆடி மாதம் என்றால் என்ன என்று அம்மாவைக் கேளுங்கள். வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும். அறுவடைக்கு இன்னும் மாதக்கணக்கு. கவுண்டர் வீட்டு வாசலில் போய் நின்று ராகி கடன் வாங்க வேண்டும். ஒண்ணுக்கு ஒண்ணரை. ஒரு வள்ளம் வாங்கினால் களத்தில் ஒன்றரை வள்ளம் கொட்ட வேண்டும். அதிலும் அளக்கிற கை ஒன்று இருக்கிறதே! "குடுக்கும்போது தல வழிச்ச படி, வாங்கும்போது கும்பாச்சிப் படி" என்பாள் அம்மா. கடன் அடைகிற வரைக்கும் வேறு காட்டுக்கு வேலைக்குப் போகக்கூடாது. கூலி பேசக்கூடாது. பையனை ஆடு மேய்க்க அனுப்பு என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அனுப்ப வேண்டும். சாட்டையால் அடித்தால்தான் அடிமையா? வயிறே சாட்டை. அதன் பிடி மட்டும் அவர்கள் கையில்.

அந்தப் பிடியைத் தளர்த்தியது ரேஷன் அட்டை. வேறு எதுவுமில்லை என்று சொல்லவில்லை. போராட்டம் இருந்தது, பெங்களூர் பஸ் இருந்தது, படிப்பு இருந்தது. ஆனால் மாதா மாதம் எந்த வாசலிலும் நிற்காமல் இருபது கிலோ அரிசி வீட்டுக்கு வரும் என்ற தைரியம் இருக்கிறதே, அது தலையை நிமிர்த்தும். 2008இல் அது கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை. கவுண்டரிடம் அம்மா முதல் முறையாக "அந்தக் கூலிக்கு வர முடியாதுங்க" என்று சொன்ன ஆண்டு எது என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் வீட்டில் அரிசி இருந்தது.

அப்போதிலிருந்துதான் இந்தப் பாட்டு ஆரம்பித்தது. "இலவச அரிசி போட்டுச் சோம்பேறி ஆக்கிட்டாங்க. வேலைக்கு ஆள் கெடைக்கல." டீக்கடையில், பஸ்ஸில், மளிகைக்கடையில், பட்டிமன்ற மேடையில். இதைச் சொல்கிற அதே வாய்தான் இன்றைக்கு, "ரேஷன் அரிசியத் தின்னுதான் சனத்துக்கெல்லாம் சர்க்கரை வியாதி, பழையபடி களிக்கு வாங்க" என்கிறது. பழையபடி! எதற்குப் பழையபடி? சத்துக்காக என்றால் சரி, ராகி நல்ல தானியம், கால்சியம் நிறைந்தது. நாங்களும் தின்கிறோம். அதைத்தான் ரேஷனிலேயே கொடுக்கிறார்களே. ஆனால் அந்தப் 'பழையபடி' என்ற சொல்லுக்குள் ராகி மட்டும் இல்லை. வாசலும் இருக்கிறது, கும்பாச்சிப் படியும் இருக்கிறது. உணவுத் திருவிழா நடத்துகிற நண்பர்கள் பலர் நல்லவர்கள். ரசாயன உரத்தை எதிர்க்கிறவர்கள், மரபு விதையைத் தேடி அலைகிறவர்கள். அவர்களிடம்தான் கேட்கிறேன். விதையைத் தேடிப் போன ஊரில் சேரிக்குள் போனீர்களா? மரபு என்று நீங்கள் குதிரைக் கும்பிடும்போது, அதை நிரப்பிய கை எங்கே என்று ஒரு முறையாவது கேட்டீர்களா?

தொடு, தொட்டுப் பார் என்று பிள்ளைகளைக் கூப்பிடுகிற இடம் அது. எனக்கு அந்தச் சொல்லே போதும், அன்றைக்கு முழுக்க மனசு அதையே சுற்றியது. உணவைத் தொடு என்று எங்கள் பிள்ளைகளைப் பார்த்து ஒரு கட்டடம் சொல்கிறது. இந்த நாட்டில்! 1927 மார்ச் 20இல் மகாத் ஊரின் சவுதார் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஆயிரக்கணக்கான பேரோடு ஊர்வலம் போக வேண்டியிருந்தது. மாட்டுச் சாணியால் அந்தக் குளத்தைச் சுத்தப்படுத்தினார்கள். மாடு குடிக்கலாம், மாட்டின் சாணி கலக்கலாம், மனுசன் கை படக்கூடாது. அது பழைய கதை என்கிறீர்களா? 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணைச் சமைக்கவே விடவில்லை. அவர் தொட்டுச் சமைத்ததை எங்கள் பிள்ளை தின்னாது என்றார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? அந்தப் பெண்ணை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போராட்டம் வெடித்த பிறகுதான் திரும்ப வேலை கிடைத்தது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் ஆரம்பித்து, காமராசர் விரித்து, 1982இல் எம்.ஜி.ஆர். பெருக்கி, 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்த்த நூறு வருஷப் பெருமை நமக்கு இருக்கிறது. நிஜமான பெருமைதான், குறைக்க மாட்டேன். என் படிப்பே அந்தச் சோற்றில் வந்தது. ஆனால் கரண்டியைப் பிடிக்கிற கை எது என்று வருகிறபோது அந்த நூறு வருஷம் ஒரே நாளில் பின்னால் போய்விடுகிறது.

திரும்பி வந்த பிறகு பிள்ளைகள் விடவில்லை. "நம்ம ஊர்லயும் ஒண்ணு வெக்கலாம் அக்கா." ஏப்ரல் 14க்கு வைப்பது என்று முடிவாகி, காலனி அரசமரத்தடியில் இரண்டு பெஞ்சு, மேலே ஒரு சாமியானா. வீட்டில் இருப்பதை எடுத்து வாருங்கள் என்றோம். களி கிண்டுகிற துடுப்பு வந்தது. முறம், ஏந்திரக்கல், உலக்கை. ஒரு ஓட்டைப் படி. ஒரு பாட்டி, கறிக்கண்டம் கோத்துத் தொங்கவிடுகிற கம்பியைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் இன்னமும் மஞ்சள் ஏறியிருந்தது. பண்ணைக்கீரையும் தும்பையும் குமிட்டியும் பறித்து வந்தார்கள், பஞ்ச காலத்தில் உயிர் காத்த கீரைகள். தாது வருஷப் பஞ்சத்தில், 1876லிருந்து 78 வரை, சேலம் ஜில்லாவே காலியானபோது, நிவாரண வேலைக்குப் போனவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று கணக்குப் போட்டான் வெள்ளைக்காரன் டெம்பிள். அந்த ஒரு ராத்தலையும் தராசில் நிறுத்து வைத்தோம். ஏறக்குறைய 450 கிராம். கல்லும் மண்ணும் உடைக்கிற ஆளுக்கு. பக்கத்தில் அரைப்படி நெல், வெண்மணி என்று எழுதி.

அதற்குப் பக்கத்தில் ஒருத்தி கொட்டாங்குச்சியைக் கொண்டுவந்து வைத்தாள். நாலாம் வகுப்புப் பிள்ளை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டி, அந்தக் கண்றாவியெல்லாம் புள்ளைங்களுக்கு எதுக்குக் காட்டற? நாங்க பட்டது போதாதா? அதுங்க நெஞ்சுல எதுக்கு அத ஊத்தற? சில்வர் டம்ளர்ல குடிக்குதுங்க, குடிச்சிட்டுப் போவுட்டும்." அம்மா சொல்வதை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். ஐம்பது வருஷம் கொட்டாங்குச்சியில் குடித்தவளுக்கு அதை மறப்பதற்கும் உரிமை இருக்கிறது. ஆனால், அம்மா, நீ மறந்தாலும் அவர்கள் மறக்கவில்லையே. போளையம்பள்ளியில் அதைத் தேடி எடுத்து ஊற்றியிருக்கிறார்களே. அதை முதல் முறையாக நம் பிள்ளை எங்கே பார்க்க வேண்டும்? நம் பெஞ்சின் மேலா, யாரோ ஒருத்தர் காட்டிலா?

கல்லூரியிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவர் வேறு கோணத்தில் பிடித்தார். அவமானத்தைக் காட்சிப்படுத்துவது ஆதிக்கசாதிப் பார்வைக்குத் தீனி போடுவதாம். நம் உணவின் அழகியலை முன்வைக்க வேண்டுமாம், கொண்டாட்டமாக. நல்ல சொற்கள். மராட்டியில் ஷாகு பட்டோளே 2015இல் தலித் சமையலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அன்னம் பூரண பிரம்மம் என்று ஓதுகிறவர்களைப் பார்த்து, அன்னம் அபூரண பிரம்மம் என்று தலைப்பே வைத்தார். ருசியும் இருக்கிறது அதில், ருசி எங்கிருந்து வந்தது என்பதும் இருக்கிறது. கறிக்கண்டம் ருசியானது, ஒத்துக்கொள்கிறேன். வெயிலில் காய்ந்ததைக் கரியில் சுட்டு, களியோடு கடித்தால் அதற்கு ஈடில்லை. ஆனால் கறியை ஏன் காயவைத்தோம்? மாடு செத்தால்தான் கறி, அடுத்த மாடு எப்போது சாகும் என்று தெரியாது. அதைச் சொல்லாமல் ருசியை மட்டும் சொன்னால் அது ஓட்டல் மெனு. அதையும் வைக்க விடுவார்களா என்றால் அதுவும் இல்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் இல்லை என்றார்கள். ஆம்பூரில்! மாட்டுக்கறி பிரியாணி தெருவெல்லாம் மணக்கிற ஊரில். கேள்வி எழுந்தது, மழை என்று சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள், எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஆக, தம்பி, நம் கொண்டாட்டத்துக்கும் அவர்கள் சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவமானத்தை ஒளித்தால் கொண்டாட்டத்துக்கு அனுமதி கிடைக்கும் என்று நினைக்காதே.

அன்றைக்கு அதிகம் கூட்டம் நின்றது படியின் முன்னால்தான். ஓட்டைப் படியில் ராகியை அள்ளி, ஒரு தடவை தலை வழித்தும் ஒரு தடவை கும்பாச்சியாகவும் அளந்து, வித்தியாசத்தைத் தனியே கொட்டிக் காட்டினான், குழிக்குள் யார் இறங்குவார் என்று கேட்ட அந்தப் பையன். பத்துப் படிக்கு எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பெரியவர்களையே கணக்குப் போட வைத்தான். ஒரு முதியவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இவ்ளோவாடா எடுத்தானுங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குவியலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அவர் அளந்து கொட்டிய வருஷங்களுக்கு அந்தக் குவியலைப் பெருக்கிப் பார்க்க எந்தத் தொடுதிரையும் இல்லை.

அடுத்த ஆண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வைக்கலாம் என்று ஒரு தலைமை ஆசிரியர் கூப்பிட்டிருக்கிறார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பார்க்கட்டும், சிறுதானியக் கண்காட்சி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றார். கண்ணியமான மனிதர். படி இருக்கட்டும், குழியின் மாதிரிகூட இருக்கட்டும், கொட்டாங்குச்சியை மட்டும் எடுத்துவிடுங்கள் மேடம், பெற்றோர் சங்கத்தில் பிரச்சினை வரும் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகளிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் உட்கார்ந்து பேசி, பெஞ்சில் எந்த இடம் என்பதை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கடைசியில் இருந்தது முதலில் வருகிறது. அட்டையில் எழுதியும் ஆகிவிட்டது: 'கொட்டாங்குச்சி. தருமபுரி மாவட்டம், 2024. தொட்டுப் பார்க்கலாம்.'